முகமும் நிறமியும்: வான்கோவின் தன்னுருவ ஓவியங்களில் வண்ணப்பொருள் சோதனைகள்

முன்னுரை

வின்சென்ட் வான்கோவின் (1853–1890) பெயரை அறிந்த தமிழ் வாசகர் பலர் அவருடைய ஓவியங்களை அறிவதற்கு முன்பே அவருடைய அறுந்த காதை அறிந்திருக்கின்றனர். 1888 டிசம்பர் 23 அன்று ஆர்ல் நகரில் நிகழ்ந்த அச்செயலும், அதற்குப் பத்தொன்பது மாதங்களுக்குப் பின் நேர்ந்த மரணமும் அவர் தம் முகத்தைத் தாமே வரைந்த ஓவியங்கள் அனைத்தின் மீதும் படிந்துவிட்டன. அந்நிகழ்வுகளுக்கு ஓராண்டுக்கும் முன்னதாக வரையப்பட்ட தன்னுருவ ஓவியங்கள்கூட வரவிருக்கும் துயரத்தின் முன்னறிவிப்புகளாகவே வாசிக்கப்படுகின்றன. நீலம் மிகுந்தால் துயரம், தீற்றல் சுழன்றால் மனப்பிறழ்வு, கன்னத்தில் பச்சை படர்ந்தால் நோய் என ஒருவகை அகராதியே உருவாகிவிட்டது.

இவ்வாசிப்பு முற்றிலும் பிழையானதென்று இக்கட்டுரை வாதிடவில்லை. ஆனால் அது ஒரு படியைக் கடந்து சென்றுவிடுகிறது. கித்தானின் மீது இன்று காணப்படும் நிறம் எது, அது எப்பொருளால் ஆனது, ஓவியர் தீட்டியபோதும் அதே நிறமாகத்தான் இருந்ததா என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அந்நிறத்தின் உணர்வுப்பொருளைப் பேச இயலும். வான்கோவின் தன்னுருவ ஓவியங்களில் முகம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. மாறிக்கொண்டே இருப்பவை அடித்தளமும் நிறமியும் தீற்றலும் நிறச்சேர்க்கையும் ஆகும். ஒரே முகத்தை வைத்துக்கொண்டு பொருள்களை மாற்றி மாற்றிப் பார்த்த நெடிய சோதனையாக இவற்றை அணுகும்போது புலப்படுபவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தமிழ் வாசகருக்கு நிறத்தை உணர்வாக வாசித்தல் எளிதில் கைவருவதற்குக் காரணம் உண்டு. மேனியின் நிறமாற்றத்தை உள்ளத்தின் குறியாகக் கொள்ளும் பயிற்சியைச் சங்கப் பாடல்களின் பசலையே அவருக்குத் தந்திருக்கிறது. புறத்தே தோன்றும் குறியின் வழியாக அகத்தை உணரும் முறையைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இலக்கணமாகவே வகுத்துள்ளது. எனினும் பசலையில் நிறம் மாறுவது தலைவியின் மேனி. ஓவியத்தில் நிறம் மாறுவது கித்தானில் ஒட்டியுள்ள நிறமி. முன்னதற்குக் காரணம் பிரிவு. பின்னதற்குக் காரணம் ஒளி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் நேரும் பிழை சிறியதன்று.

ஷார்தானின் வண்ணக்கட்டிகள்

பொருள் மாறும்போது முகம் என்னவாகிறது என்பதற்கு வான்கோவுக்கு முற்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றைச் சுருக்கமாக நோக்கலாம். பிரெஞ்சு ஓவியர் ழான் சிமேயோன் ஷார்தான் (1699–1779) வாழ்நாளின் பெரும்பகுதியைச் சமையற்கூடப் பாத்திரங்களையும் பழங்களையும் இல்லத்துக் காட்சிகளையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவதில் கழித்தவர். முதுமையில் கண்பார்வை குன்றியது. எண்ணெய் வண்ண வேலை அவருக்கு ஒவ்வாததாயிற்று. எழுபது வயதைக் கடந்த நிலையில் பாஸ்டல் எனப்படும் வண்ணக்கட்டிகளுக்கு மாறினார். 1771இல் கண்ணாடி அணிந்த கோலத்திலும், 1775இல் நெற்றியில் ஒளிமறைப்பு அணிந்த கோலத்திலும், இறுதி ஆண்டுகளில் ஓவியத் தாங்கியின் முன் நிற்கும் கோலத்திலும் தம்மை வரைந்துகொண்டார். இம்மூன்றும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கண்ணோயால் பாஸ்டலுக்கு மாறினார் என்பது வாழ்க்கை வரலாற்றுச் செய்தி. பாஸ்டலால் முகத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே விமர்சனத்தின் வினா. எண்ணெய் வண்ணத்தை வண்ணத்தட்டிலேயே குழைத்து வேண்டிய நிறத்தைப் பெறலாம். வண்ணக்கட்டியை அவ்வாறு குழைக்க இயலாது. ஒரு நிறத்தின் மீதோ அருகிலோ இன்னொரு நிறத்தைக் கோடுகளாக இழுத்து, கலவையைத் தாளிலும் காண்பவர் கண்ணிலும் நிகழ்த்த வேண்டும். ஷார்தானின் முதிய கன்னம் சிவப்பு, நீலம், பச்சை ஆகியவற்றின் தனித்தனிக் கீற்றுகளால் ஆனதாகத் தெரிவது இதனால்தான். நோய் அவருக்கு ஒரு புதிய பொருளைத் தந்தது. அப்பொருள் ஒரு புதிய முகத்தைத் தந்தது. பால் செசான் 1904இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஒளிமறைப்பு அணிந்த அம்முதியவரின் ஓவியத்தை நினைவுகூர்ந்து, மூக்கின் மீது குறுக்காக விழும் ஒளித்தளத்தைச் சுட்டுகிறார். அங்கே செசானின் அக்கறை முதுமையின் சோகத்தில் இல்லை; ஒளி தளங்களாகப் பிரியும் முறையில் இருக்கிறது. ஓவியர்கள் ஒருவரையொருவர் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கின்றனர்.

பாரிஸ்: மாதிரியாள் இல்லாத ஓவியர்

வான்கோ 1886ஆம் ஆண்டின் முற்பகுதியில் பாரிஸ் சென்று, 1888 பிப்ரவரி வரை தம்பி தியோவுடன் வாழ்ந்தார். அவருடைய தன்னுருவ ஓவியங்கள் ஏறக்குறைய 35. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டு ஆண்டுகளில் தீட்டப்பட்டவை. இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டிய ஒரு முரண் உள்ளது. வான்கோவைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவர் தியோவுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து வருகிறது. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்த பாரிஸ் காலத்தில் அக்கடிதங்கள் எழுதப்பட வேண்டிய தேவையே எழவில்லை. அதாவது, தன்னுருவ ஓவியங்கள் மிகுதியாகத் தோன்றிய காலமே மனநிலை பற்றிய எழுத்துச் சான்று மிகக் குறைவாக உள்ள காலமும் ஆகும். இக்காலத்து முகங்களில் வாசிக்கப்படும் துயரங்களுள் பல, பிற்காலக் கடிதங்களிலிருந்து பின்னோக்கிக் கொண்டுவந்து ஏற்றப்பட்டவை.

எஞ்சியிருக்கும் சில பாரிஸ் கடிதங்களுள் ஒன்று இங்கு மிகவும் பயன்படும். 1886இல் ஆங்கில ஓவியர் லிவென்ஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், மாதிரியாட்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் உருவ ஓவியத்தில் முழுமையாக ஈடுபட இயலவில்லை என்றும், அதற்கு ஈடாக மலர்களை வைத்து வண்ணப் பயிற்சி செய்வதாகவும் வான்கோ தெரிவிக்கிறார். நீலத்துக்கு எதிராகச் செம்மஞ்சள், சிவப்புக்கு எதிராகப் பச்சை, மஞ்சளுக்கு எதிராக ஊதா என எதிர்நிறங்களைத் தேடுவதாக அவர் கூறுவதிலிருந்து, மலர்கள் அவருக்கு நிற ஆய்வின் கருவிகளாக இருந்தமை தெளிவாகிறது. மலர் வாடிவிடும், பருவம் முடிந்தால் கிடைக்காது. கண்ணாடியில் தெரியும் முகம் கூலி கேட்பதில்லை, எந்நேரமும் கிடைப்பது. மலர்க்கொத்தின் இடத்தில் முகம் வந்து அமர்ந்தது என்று கொண்டால் பாரிஸ் தன்னுருவ ஓவியங்களின் எண்ணிக்கைக்கும் அவற்றின் வேறுபாடுகளுக்கும் எளிய விளக்கம் கிடைக்கிறது.

அடித்தளத்தின் தேர்விலும் இதே சிக்கனம் புலனாகிறது. நெதர்லாந்தின் நூனன் ஊரில் 1884–85இல் தீட்டிய குடியானவர் ஓவியங்களின் கித்தான்களைத் திருப்பி, அவற்றின் பின்புறத்தில் தம் முகத்தை வரைந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வைக்கோல் தொப்பி அணிந்த தன்னுருவத்தின் மறுபக்கத்தில் 1885இல் தீட்டப்பட்ட உருளைக்கிழங்கு உரிக்கும் பெண் இருக்கிறாள். 2022இல் எடின்பரோவில் குடியானவப் பெண்ணின் தலை ஓவியம் ஒன்றை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, பின்புறத்தில் ஒட்டப்பட்டிருந்த அட்டைக்கும் பசைக்கும் அடியில், விளிம்புத் தொப்பியும் தாடியும் கொண்ட ஒரு முகம் மறைந்திருப்பது தெரியவந்தது. ஒருபுறம் நூனனின் மண்ணிறம். மறுபுறம் பாரிஸின் ஒளி. வான்கோவின் நிறமாற்றத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. ஒரே கித்தானின் இரு பக்கங்களைப் போல அதைச் சுருங்கச் சொல்வது வேறொன்றில்லை.

1886இல் தீட்டிய முதல் முகங்கள் பழுப்பும் கருமையும் கலந்தவை. நெதர்லாந்துப் பழைய ஓவியர்களின் மரபைப் பின்பற்றுபவை. 1887இன் தொடக்கத்தில் வேறொரு நுட்பம் நுழைகிறது. குழாய் வண்ணத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சுதாளில் வடியவிட்டு, எஞ்சிய விழுதை டர்ப்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் பூசும் முறை அது. எண்ணெய் குறைந்த வண்ணம் விரைவில் உலரும்; பளபளப்பின்றி, ஏறக்குறைய வண்ணக்கட்டி போன்ற மங்கிய மேற்பரப்பைத் தரும். சிறிய அட்டைகளும் உறிஞ்சும் தன்மையுள்ள கித்தானும் இம்முறைக்கு ஏற்ற தளங்களாயின. ஷார்தான் வண்ணக்கட்டியால் அடைந்ததை வான்கோ எண்ணெயை நீக்கிய எண்ணெய் வண்ணத்தால் அடைய முயன்றார் எனலாம்.

இச்சிறு அட்டைகளுள் ஒன்று பற்றிய செய்தி தன்னுருவம் என்னும் வகைமையையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. நெடுங்காலம் வான்கோவின் முகமாகக் கருதப்பட்ட, வெளிர்நிறத் தொப்பி அணிந்த ஓர் உருவம் தம்பி தியோவினுடையது என்று 2011இல் ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியக ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர். காது, தாடி ஆகியவற்றின் வேறுபாடுகளே சான்றாயின. அதுவரை அந்த முகத்தில் ‘வின்சென்டின் அகத்தை’ கண்டவர்கள் எதைக் கண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

கம்பளி நூலும் கலவாத நிறமும்

வான்கோவிடம் சிவப்பு அரக்குப் பூச்சுடைய பெட்டி ஒன்று இருந்தது. அதில் வெவ்வேறு நிறக் கம்பளி நூல்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சுற்றிய உருண்டைகள் உள்ளன. அவை இன்றும் ஆம்ஸ்டர்டாமில் பாதுகாக்கப்படுகின்றன. இரு நிறங்கள் அடுத்தடுத்து நிற்கும்போது என்ன நிகழும் என்பதை வண்ணத்தைச் செலவழிக்காமல் கண்டறிய இந்நூல்கள் பயன்பட்டன. இதன் பின்னணியில் ஒரு கோட்பாடு உள்ளது. வேதியியலாளர் மிஷேல் செவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில், அருகருகே வைக்கப்படும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றுகின்றன என்று நிறுவினார். சாயத்தொழிற்சாலையில் நூல்களின் நிறம் பற்றி எழுந்த சிக்கல்களே அவரை அம்முடிவுக்கு இட்டுச் சென்றன என்பது இங்கு நினைக்கத்தக்கது. வான்கோவின் கம்பளி உருண்டைகள் அக்கோட்பாட்டை அதன் பிறப்பிடத்துக்கே திருப்பி அழைத்துச் செல்கின்றன. சார்ல் ப்ளாங் 1867இல் வெளியிட்ட ஓவிய இலக்கண நூலின் வழியாகவும் டெலக்ருவாவின் ஓவியங்கள் வழியாகவும் நிரப்பு நிறங்கள் பற்றிய இக்கருத்து வான்கோவை அடைந்தது.

1886இல் ஜார்ஜ் சூராவின் பெரிய புள்ளியோவியம் பாரிஸில் காட்சிக்கு வந்திருந்தது. 1887 வசந்தத்தில் வான்கோ பால் சின்யாக்குடன் பாரிஸின் புறநகர்ப் பகுதியில் ஓவியம் தீட்டினார். சிகாகோ கலைக்கழகத்தில் இன்றுள்ள தன்னுருவ ஓவியம் அவ்வசந்தத்தைச் சேர்ந்தது. 41 சென்டிமீட்டர் உயரமும் 32.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டையில் எண்ணெய் வண்ணத்தால் ஆனது. பின்னணி முழுவதும் புள்ளிகள். ஆனால் சூராவின் ஓவியத்தில் புள்ளிகள் அமைதியாக, எண்ணி வைத்தாற்போல நிற்கும். வான்கோவின் முகத்திலும் தாடியிலும் அவை நீண்டு கோடுகளாகி, எலும்பின் வளைவைப் பின்பற்றி ஓடுகின்றன. புள்ளி முறையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதைவிட, தம் முகத்தின் மீது வைத்துப் பார்த்து அது எங்கே தமக்குப் பொருந்தவில்லை என்பதைக் கண்டுகொண்டார் என்பதே பொருத்தம். சோதனை என்னும் சொல்லுக்கு உரிய பொருளும் அதுவே.

மங்கிய சிவப்பு

அதே ஆண்டின் பிற்பகுதியில் தீட்டப்பட்ட, சாம்பல்நிறத் தொப்பி அணிந்த தன்னுருவ ஓவியம் பாரிஸ் சோதனைகளின் உச்சம் எனலாம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள இவ்வோவியத்தில் கோடுகள் தலையைச் சுற்றி வளைந்து ஒருவகை ஒளிவட்டத்தை உண்டாக்குகின்றன. பின்னணியில் நீலமும் செம்மஞ்சளும், தாடியிலும் கண்களிலும் சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்பட்டுள்ளன. காண்பவரைக் குளிர்ந்த நீலமே முதலில் ஆட்கொள்கிறது. அதனைத் தனிமை என்றும் துயரம் என்றும் விளக்குவது எளிது.

ஆனால் அந்நீலக் கோடுகளுள் ஒரு பகுதி நீலமாகத் தீட்டப்பட்டவை அல்ல. அவை ஊதாவாக இருந்தவை. ஊதாவிலிருந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் மங்கிவிட, நீலம் மட்டும் எஞ்சியுள்ளது. இதனால் மஞ்சளுக்கு எதிராக நிறுத்தப்பட்ட ஊதாவின் வலு குன்றிவிட்டது என அருங்காட்சியகமே விளக்குகிறது.

இம்மாற்றத்தின் இயங்குமுறை ஓரளவு விளக்கத்தக்கது. கரையும் தன்மையுள்ள ஒரு சாயத்தை அலுமினியம் முதலிய உலோகச் சேர்மத்தில் ஏற்றிக் கரையாப் பொடியாக்குவதால் கிடைப்பதை ‘லேக்’ நிறமி என்பர். மண்ணிலிருந்தும் கனிமத்திலிருந்தும் பெறும் காவி, சாதிலிங்கம் போன்றவற்றைவிட இத்தகைய நிறமிகள் ஒளிக்கு எளிதில் ஈடுகொடுப்பதில்லை. 1870களில் வேதித்தொழிலால் கிடைத்த இயோசின் என்னும் செயற்கைச் சாயத்திலிருந்து செய்யப்பட்ட ஜெரேனியம் லேக் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அதே வேளையில் மிக விரைவில் அழியக்கூடியது. தனியாகப் பூசிய இடத்தில் இளஞ்சிவப்பு வெண்மையாகும். நீலத்துடன் கலந்து பூசிய இடத்தில் ஊதா நீலமாகும். சட்டத்தால் மறைக்கப்பட்ட விளிம்புகளிலும் நிறத்துகள்களின் அடிப்பகுதியிலும் பழைய நிறத்தின் சுவடு எஞ்சக்கூடும். ஆய்வுக்கூடங்கள் அங்குதான் தேடுகின்றன.

ஆர்லில் 1888 அக்டோபரில் தீட்டிய படுக்கையறை ஓவியம் இதற்கு ஒப்பீடாக அமைகிறது. சுவர்கள் வெளிர் ஊதா என்று வான்கோ கடிதத்தில் எழுதினார். இன்று அச்சுவர்கள் நீலமாக உள்ளன. 1890இல் தீட்டிய, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் வெண்ணிற ரோஜாக்கள் முதலில் இளஞ்சிவப்பாக இருந்தவை. எழுத்துச் சான்றும் வேதியியல் சான்றும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் இடங்கள் இவை.

வான்கோ இதை அறியாதவர் அல்லர். இம்ப்ரெஷனிஸம் பரவலாக்கிய நிறங்கள் நிலையற்றவை என்றும், ஆகவே அவற்றைத் துணிந்து சற்றுக் கூடுதலான அழுத்தத்துடனேயே பயன்படுத்த வேண்டும், காலம் அவற்றை மென்மையாக்கிவிடும் என்றும் 1888 ஏப்ரலில் தியோவுக்கு எழுதியுள்ளார். மங்குதலைக் கணக்கில் கொண்டே அவர் தீட்டினார். அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மங்கியது.

செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் விடுபட்டிருப்பின் அதனைப் புலவரின் மௌனம் என்று எந்தப் பதிப்பாசிரியரும் விளக்குவதில்லை. விடுபட்ட இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். வேறு படிகளைத் தேடுவார். ஊகத்தை ஊகம் என்றே குறிப்பார். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் தமிழ்ப் புலமை பெற்றுள்ள இவ்வொழுக்கம் ஓவிய விமர்சனத்துக்கும் உரியதே. சாம்பல்நிறத் தொப்பி ஓவியத்தின் நீலத்தைத் துயரமாக வாசிப்பவர் சிதைந்த படியின் மீது உரை எழுதுகிறார். அங்கே நிகழ்ந்தது ஊதாவும் மஞ்சளும் உரத்துப் பேசிக்கொண்ட ஒரு துணிச்சலான முயற்சி. இன்று நாம் காணும் ஓவியமே நமக்குரிய ஓவியம், படைத்தவரின் நோக்கம் எதற்கு என்று வாசகர்மையக் கோட்பாட்டாளர் வினவலாம். இன்றைய நீலத்தை இன்றைய நீலமாக அனுபவிப்பதில் தடையில்லை. அந்த நீலத்தை 1887ஆம் ஆண்டின் மனிதருடைய மனநிலைக்குச் சான்றாக நிறுத்துவதே தவறு.

மூல ஓவியத்தைக் காணும் வாய்ப்பில்லாமல், அச்சுப்படியையும் கணினித் திரையையும் கொண்டு எழுதுவோருக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மங்கிய நிறம் மீண்டும் ஒருமுறை அச்சு மையாலும் திரையின் ஒளியாலும் மாற்றப்பட்டே அவர்களை வந்தடைகிறது. நிறத்தைப் பற்றிய வாக்கியம் ஒவ்வொன்றிலும் எந்தப் படியைக் கண்டு எழுதப்படுகிறது என்பதைக் கூறுவது இந்நிலையில் மிகையான எச்சரிக்கை ஆகாது.

கடிதங்களில் முகம்

வான்கோவே தம் முகத்தைப் பற்றி எழுதியவை எதிர்வாதத்துக்கு இடம் தருவதுபோலத் தோன்றும். பாரிஸை விட்டு நீங்குவதற்குச் சற்று முன் தீட்டிய, வண்ணத்தட்டுடன் நிற்கும் தன்னுருவ ஓவியத்தை 1888 ஜூனில் தங்கை வில்லமீனுக்கு விவரிக்கிறார். முகம் துயருற்றதாக இருப்பதாக அவரே கூறுகிறார். நிழற்படக் கருவி தருவதைவிட ஆழமான ஒப்புமையைத் தேடுவதாகவும் குறிப்பிடுகிறார். ஆனால் அவ்விவரணையின் பெரும்பகுதி வேறொன்றால் ஆனது. இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த முகம், பச்சைக் கண்கள், சாம்பல்நிற முடி, செந்நிறத் தாடி, முரட்டுத்துணியாலான நீல மேலங்கி, வண்ணத்தட்டில் எலுமிச்சை மஞ்சள், சாதிலிங்கச் சிவப்பு, பச்சை, கோபால்ட் நீலம் என நிறங்களின் பட்டியலாகவே அது செல்கிறது. துயரம் அந்தப் பட்டியலில் ஓர் உறுப்பு. அதன் தலைப்பு அன்று. மேலும், கலவாத முழுநிறங்கள் வண்ணத்தட்டில் மட்டுமே உள்ளன, தாடியின் செம்மஞ்சள் நீங்கலாக எல்லாம் அங்கே உள்ளன என்று அவர் கருதிச் சொல்வது ஊன்றி நோக்கத்தக்கது. தட்டில் இல்லாத ஒரே நிறம் முகத்தில் இருக்கிறது. ஓவியர் தம் தாடியை வண்ணத்தட்டின் ஒரு பகுதியாக எண்ணுகிறார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்லிலிருந்து தியோவுக்கு எழுதிய கடிதம் இன்னும் வெளிப்படையானது. மாதிரியாள் கிடைக்காமையால் தம்மையே வரைவதற்கென நல்ல கண்ணாடி ஒன்றை வாங்கியதாகவும், தம் தலையின் நிறத்தைத் தீட்ட முடிந்தால் (அது எளிதன்று என்கிறார்) பிறருடைய தலைகளையும் தீட்ட முடியும் என்றும் அதில் எழுதுகிறார். தன்னுருவம் இங்கே பிறருருவத்துக்கான பயிற்சியாகச் சுட்டப்படுகிறது. தன்னை அறிதல் என்னும் பெருஞ்சொல் எதுவும் அக்கடிதத்தில் இவ்விடத்தில் வரவில்லை.

அக்காலத்தில் பால் காகினுக்கு அர்ப்பணித்துத் தீட்டிய தன்னுருவ ஓவியம் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் உள்ளது. என்றும் நிலைத்த புத்தரை வழிபடும் எளிய துறவியாகத் தம்மைக் கற்பனை செய்ததாக வான்கோ கூறுகிறார். கருத்து அகம் சார்ந்தது. ஆனால் அதை நிறைவேற்றிய வழி முற்றிலும் பொருள் சார்ந்தது. சாம்பல்நிறத் தலை, மஞ்சள் கலவாத வெளிர்பச்சைப் பின்னணி, ஏறக்குறைய நிழலே இல்லாமல் தடித்த வண்ணத்தால் உருட்டிய முகம். அப்பச்சை ‘வெரோனீஸ் பச்சை’ என்னும் பெயரில் விற்கப்பட்டது. செம்பும் ஆர்சனிக்கும் கலந்த, நஞ்சுடைய, நிகரற்ற ஒளியுள்ள நிறமி. மேலங்கி உண்மையில் பழுப்பு. அதை ஊதாவாக மிகைப்படுத்தியதாகவும் அதன் நீல விளிம்பை அகலப்படுத்தியதாகவும் கண்களைச் சற்றுச் சாய்த்து வரைந்ததாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். உணர்வு நிறத்தில் வழிந்துவிட்டது என்று இங்கே கூற இயலாது. உணர்வு நிறத்தால் திட்டமிட்டுக் கட்டப்பட்டுள்ளது. ஆகவே அந்நிறத்தின் பொருளை அறியாமல் அவ்வுணர்வையும் அறிய இயலாது.

சான் ரெமியும் ஓவேரும்

காது அறுபட்ட பின் 1889 ஜனவரியில் தீட்டிய இரு ஓவியங்களைப் பற்றி அளவுக்கு மீறி எழுதப்பட்டுவிட்டது. புகைக்குழாயுடன் உள்ள ஓவியத்தில் பச்சை மேலங்கிக்குப் பின்னே சிவப்பும் செம்மஞ்சளும் இரு பட்டைகளாக நிற்கின்றன என்பதை மட்டும் குறிப்பிட்டால் போதும். காயம் ஆறுவதற்கு முன்பே நிரப்பு நிறங்களின் இலக்கணம் பிழையின்றிப் பின்பற்றப்பட்டுள்ளது.

சான் ரெமி மனநல விடுதியில் 1889 ஆகஸ்டு, செப்டம்பரில் பிறந்த முகங்களே இவ்வாதத்துக்குக் கடினமான சோதனை. ஆஸ்லோவிலுள்ள தன்னுருவ ஓவியத்தின் நம்பகத்தன்மை நெடுங்காலம் ஐயத்துக்கு உள்ளாகியிருந்தது. மங்கிய பச்சையும் பழுப்பும் கலந்த அதன் நிறங்கள் வான்கோவின் வழக்கத்துக்கு மாறானவை என்பது அவ்வையத்தின் காரணங்களுள் ஒன்று. 2020 ஜனவரியில் அது அவருடையதே என்றும், 1889 ஆகஸ்டு இறுதியில் நோயின் பிடியில் இருந்தபோது தீட்டப்பட்டது என்றும் வான்கோ அருங்காட்சியகம் அறிவித்தது. நோயின்போதே உருவானதென்று உறுதியாகக் கூறத்தக்க முகம் இது. இதில் சுழலும் பின்னணி இல்லை; கண்ணைப் பறிக்கும் நிறமும் இல்லை.

சுழலும் கோடுகளால் புகழ்பெற்றதும் மனப்பிறழ்வின் சித்திரமாக நூல் அட்டைகளில் இடம்பெறுவதும் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள தன்னுருவ ஓவியம். அது நோய் தணிந்த பின், செப்டம்பரில் தீட்டப்பட்டது. வான்கோ அதில் வேலைக்கான மேலங்கியை நீக்கி நல்லுடை அணிந்திருக்கிறார். உடையும் பின்னணியும் ஒரே வெளிர்பச்சை–நீல வகையில் அமைய, அவற்றுக்கு நிரப்பாகத் தாடியும் முடியும் செம்மஞ்சளாக எரிகின்றன. தெளிந்த கைவினைஞர் ஒருவரின் கணக்கு இதில் தெரிகிறது. வழக்கமான அகராதியின்படி வாசித்தால் நோயுற்ற ஓவியம் அமைதியானதாகவும் தேறிய ஓவியம் பித்தேறியதாகவும் தலைகீழாக மாறிவிடுகின்றன.

வாஷிங்டனில் உள்ள மூன்றாவது ஓவியத்தை எழுந்து நடமாடத் தொடங்கிய நாளிலேயே தொடங்கியதாக அவர் தியோவுக்கு எழுதினார். தாம் மெலிந்து பேயைப்போல வெளிறி இருந்ததாகக் கூறிய அடுத்த கணமே அடர்ந்த ஊதா-நீலம், வெண்மை படர்ந்த தலை, மஞ்சள் முடி என்று அடுக்கி, ஆகவே இது ஒரு நிறவிளைவு என்ற கருத்தில் அவ்விவரணையை நிறுத்துகிறார். நோயை அவர் மறைக்கவில்லை. அதை நிறத்துக்குரிய வாய்ப்பாகவும் கண்டார்.

1890 மே மாதம் அவர் பாரிஸுக்கு வடக்கே உள்ள ஓவேர் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே மருத்துவர் காஷேயும் அவருடைய மகளும், விடுதி உரிமையாளரின் மகளும் மாதிரியாக அமர்ந்தனர். ஜூலை 29இல் இறக்கும் வரையிலான ஏறக்குறைய 70 நாள்களில் நாளொன்றுக்கு ஓர் ஓவியம் என்னும் வேகத்தில் தீட்டினார். வாழ்வின் மிகக் கடுமையான வாரங்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறும் அந்நாள்களில் அவர் தீட்டியதாக ஏற்கப்பட்ட தன்னுருவ ஓவியம் ஒன்றுகூட இல்லை.